மொட்டை டயரும் நவம்பர் மழையும்

சோழவரத்தில் ரேஸ் நடந்த காலத்தில் மழையைப் பற்றி யாரும் அதிகம் கவலைப்பட்டதில்லை. இரண்டாம் உலகப் போருக்காகப் போட்டுவிட்டுப் போன விமான ஓடுதளம் அது. பந்தயம் பெரும்பாலும் பிப்ரவரியில்தான் நடக்கும். பனி விலகியிருக்கும், வெயில் இன்னும் கடிக்கத் தொடங்கியிருக்காது. ஃபியட்டும் ஹெரால்டும் உறுமிய அதே ஓடுதளத்தில் விஜய் மல்லையா என்சைன் ஃபார்முலா ஒன் காரை ஓட்டிக் காட்டியதைப் பார்த்தவர்கள் இன்னும் சென்னையில் இருக்கிறார்கள். டயர் எது நல்லது என்ற சண்டை அப்போதும் உண்டு. வானத்தைப் பார்த்துக்கொண்டே டயர் பூட்டுகிற அவஸ்தைதான் இல்லை.

அது வந்தது 1990-க்குப் பிறகு. 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், ஸ்ரீபெரும்புதூருக்கு முன்னால் இருங்காட்டுக்கோட்டையில் சொந்தமாக ஒரு டிராக் போட்டது. சுமார் 3.7 கிலோமீட்டர், பன்னிரண்டு வளைவு. வருஷத்துக்கு ஒரு திருவிழாவாக இருந்த ரேஸ், பல சுற்றுகள் கொண்ட சீசனாக நீண்டது. நீண்டதன் வால் ஐப்பசி, கார்த்திகையில் போய் விழுந்தது. சென்னைக்கு ஒரு வருஷத்தில் கிடைக்கும் மழையில் பாதிக்கு மேல் கொட்டுவது அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள். செம்பரம்பாக்கம் ஏரி கூப்பிடு தூரம். அந்த இடத்தில், அந்த மாதத்தில், மொட்டை டயரில் கார் ஓட்ட வேண்டும்.

மொட்டை டயர் என்பதைக் கேலியாகச் சொல்லவில்லை. ஸ்லிக் என்று டீம்கள் கூடாரம் போடும் பேடாக்கில் சொல்வதைப் பஞ்சர் கடைக்காரர் பார்த்தால் அப்படித்தான் சொல்வார். தரையில் படும் பக்கத்தில் பள்ளமும் மேடுமாக இருக்கும் பட்டன் மருந்துக்கும் கிடையாது. ரோட்டில் இப்படி ஒரு டயரோடு போனால் போலீஸ் ஓரங்கட்டச் சொல்லும். ரேஸில் இதற்குத்தான் ஆயிரக்கணக்கில் காசு. காய்ந்த தாரில் எவ்வளவு ரப்பர் படுகிறதோ அவ்வளவு பிடிமானம். சூடேறியதும் மேல்தோல் பசையாகி தாரை அப்பிப் பிடிக்கும். அதே டயர் ஈரத்தில் சூடே ஆகாது. சூடாகாத ரப்பர் கட்டையாகக் கிடக்கும். அடியில் மாட்டிய தண்ணீருக்கு வெளியே போக வழியும் இல்லை.

இந்தக் கதைக்கு உரியவர் அம்பத்தூர்க்காரர். எஸ்டேட்டில் லேத் பட்டறை. வார நாட்களில் ஷாஃப்டும் புஷ்ஷும் கடைவார். ரேஸ் வாரம் வந்தால் வெள்ளிக்கிழமை மத்தியானமே ஷட்டரை இறக்கிவிட்டு ஒரு டாடா 407-ல் மாருதி எஸ்டீமை ஏற்றிக்கொண்டு பூந்தமல்லி வழியாகக் கிளம்பிவிடுவார். உள்ளே சீட், டேஷ்போர்டு, கம்பளம் எல்லாம் பிடுங்கி எறியப்பட்டு, குழாய்க்கூண்டு வெல்ட் செய்த எஸ்டீம். 1300 சிசி எஞ்சின், முன்சக்கரம் இழுக்கும் வண்டி. சம்பாதிப்பதற்காக ஓட்டுகிறவர் இல்லை. ஜெயித்தால் வரும் பரிசுப் பணம் அந்த வாரத்தின் பெட்ரோலுக்கும் பிரியாணிக்கும் சரியாகப் போகும். அவர் ஜெயித்ததும் கிடையாது.

கூட ஒரு மேஸ்திரி. ராயபுரம். சோழவரத்தில் பையனாக ஸ்பேனர் எடுத்துக் கொடுத்துத் தொழில் பழகியவர். முதலாளியைத் ‘தம்பி’ என்பார், முதலாளி அவரை ‘அண்ணே’ என்பார். காரைப் பற்றி இருவருக்கும் கருத்து வேறுபாடு வந்தால் அண்ணன் சொல்வதுதான் நடக்கும்.

வெளியிலிருந்து பார்ப்பவர்கள் டயர் தேர்வு என்றால் ஏதோ விஞ்ஞானம் என்று நினைப்பார்கள். விஞ்ஞானம் உண்டு, அதற்கு முன்னால் ரிம் கணக்கு ஒன்று உண்டு. டயரை ரிம்மில் ஏற்றி, காற்றடித்து, பேலன்ஸ் பார்த்து வைத்திருந்தால்தான் அது டயர். வெறும் ரப்பராகப் பேடாக்கில் அடுக்கி வைத்திருப்பதால் பயன் இல்லை. பந்தயம் கிளம்பும் கிரிட்டுக்குப் போகப் பத்து நிமிடம் இருக்கும்போது தூறல் விழுந்தால் யார் உட்கார்ந்து டயரைக் கழற்றி மாட்டுவது? எனவே எத்தனை ரிம் இருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி. அம்பத்தூர்க்காரரிடம் எட்டு. நாலில் ஸ்லிக். மீதி நாலில் மழை டயர், அதாவது வெட். பக்கத்துக் கூடாரத்தில் ஓட்டிய கல்லூரி மாணவனிடம் பதினாறு இருந்தன. ஸ்லிக் நாலு, புது வெட் நாலு, பழைய வெட் நாலு, வெட்டிய ஸ்லிக் நாலு. அப்பா பணம் போடுகிறார், பையன் நன்றாகவும் ஓட்டுகிறான். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் காசு உள்ளவனுக்கு இந்த விளையாட்டில் கிடைக்கும் உண்மையான வசதி எது என்று கேட்டால், கடைசி ஐந்து நிமிடம் வரை முடிவே எடுக்காமல் இருக்கலாம் என்பதுதான். எட்டு ரிம்காரன் வியாழக்கிழமை ராத்திரியே வானத்தோடு பந்தயம் கட்டியாக வேண்டும்.

அந்த நவம்பரில் நிலைமை இன்னும் மோசம். 2000-களின் கடைசியில் ஒரு வருஷம். முந்தைய சுற்றில் மழை பாதியில் நின்று டிராக் காய்ந்துவிட்டதால், நாலு வெட்டில் முன்னால் பூட்டியிருந்த இரண்டும் போய்விட்டன. வெட் டயரின் ரப்பர் மிருது. பட்டன் கட்டம் கட்டமாக, ஆழமாக இருக்கும். தண்ணீர் இருக்கும்வரை அது குளிர்ந்துகொண்டே ஓடும். காய்ந்த தாரில் ஒவ்வொரு கட்டமும் தனித்தனியாக ஆடி, ஆடி, சூடாகிச் சதை பிய்ந்து வரும். நாலைந்து சுற்றில் புது டயரைக் குப்பையாக்கிவிடலாம். சரி, இரண்டு நல்ல வெட் மிச்சம். மற்ற இரண்டு ரிம்முக்கு?

அண்ணன் பழைய ஸ்லிக் இரண்டை எடுத்துக்கொண்டு மாதவரம் பக்கம் போனார். லாரி டயரில் தேய்ந்த பட்டனை மறுபடி வெட்டி ஆழப்படுத்தித் தருகிறவர்கள் அங்கே உண்டு. கையில் சால்டரிங் அயர்ன் போல ஒரு கருவி. முனையில் ‘ப’ வடிவத்தில் வளைத்த பிளேடு. கரண்ட் பாய்ந்து பிளேடு சூடானதும் ரப்பர் மீது வைத்து இழுத்தால் வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் இறங்கும். பின்னாலேயே கறுத்த நூடுல்ஸ் மாதிரி ரப்பர் இழை சுருண்டு வரும். நாற்றம் குடலைப் பிடுங்கும். லாரி டயர் வெட்டுகிறவருக்கு ஸ்லிக்கைப் பார்த்ததும் குழப்பம். பட்டனே இல்லாத டயரில் எந்தக் கோட்டைப் பிடித்துப் போவது? அண்ணன் சாக்பீஸால் கோடு போட்டுக் கொடுத்தார். நடுவில் சுற்றிலும் இரண்டு நேர்க்கோடு, அதிலிருந்து ஓரத்துக்குச் சாய்வாகக் கிளைகள். ஆழம் அதிகமானால் அடியிலுள்ள நூல் தெரிந்துவிடும். ஸ்லிக்கில் ரப்பர் தடிமனே சில மில்லிமீட்டர்தான். கருவியின் பிளேடு எவ்வளவு நீட்டியிருக்கிறது என்பதை அண்ணன் ஒவ்வொரு கோட்டுக்கும் குனிந்து பார்த்ததில், வெட்டுகிறவர் கோபித்துக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டாராம்.

இப்படி வெட்டிய ஸ்லிக் ஒரு இரண்டுங்கெட்டான். பெருமழைக்கு ஆகாது; முழுக்கக் காய்ந்தாலும் ஆகாது. டிராக் நனைந்து, ஆனால் தண்ணீர் தேங்காமல் இருக்கும் அந்த நடுவேளைக்கு இதைப்போல ஒன்று கிடையாது. சென்னை மழையில் அப்படிப்பட்ட நடுவேளை அடிக்கடி வரும் என்பதைப் பேடாக்கில் பழையவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

சனிக்கிழமை காலை பயிற்சியும் தகுதிச்சுற்றும் வெயிலில் முடிந்தன. அம்பத்தூர்க்காரருக்குக் கிரிட்டில் பாதிக்கும் கீழே இடம். மத்தியானம் காற்று கிழக்கே திரும்பியது. வடகிழக்குப் பருவத்தில் மேகம் கடல் பக்கமிருந்து ஊருக்குள் ஏறி, போரூர், பூந்தமல்லி தாண்டித்தான் இருங்காட்டுக்கோட்டைக்கு வர வேண்டும். அதனால் பேடாக்கில் ஆளாளுக்குப் போனை எடுத்தார்கள். “போரூர்ல பெய்யுதா? தூறலா, ஊத்துதா?” மச்சான், சித்தப்பா, பழைய கடன்காரர் என்று கிழக்கே இருக்கும் எல்லோரும் அன்றைக்கு வானிலை ஆய்வாளர்கள். போரூரில் கொட்டிய மழை செம்பரம்பாக்கத்தில் கரைந்துபோவதும் உண்டு. ஹூண்டாய் ஃபேக்டரி வாசலில் மழை, டிராக்கில் புழுதி என்பதெல்லாம் அங்கே சகஜம்.

காத்திருக்கும் நேரத்தில் காற்று எவ்வளவு வைப்பது என்ற தகராறு ஆரம்பித்தது. மழை என்றால் காற்றைக் குறைக்க வேண்டும், டயர் சப்பையாகி அகலமாகப் படுத்தால் நல்ல பிடிமானம் என்பது ஒரு கட்சி. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. மணலில் மாட்டிய ஜீப்புக்கு அது சரியும்கூட. அண்ணன் எதிர்க்கட்சி. தண்ணீரில் டயர் சப்பையானால் படகு மாதிரி மேலே ஏறிக்கொள்ளும், கூட்டித்தான் வைக்க வேண்டும் என்பார். எங்கே படித்தார் என்று யாருக்கும் தெரியாது.

அண்ணன் படிக்காததை நாசாக்காரர்கள் ஆராய்ந்து எழுதியே வைத்திருக்கிறார்கள். ஈர ஓடுதளத்தில் இறங்கும் விமானங்கள் ஏன் பிரேக் பிடிக்காமல் வழுக்கிக்கொண்டு போகின்றன என்று பார்த்து, 1963-ல் ஹார்னும் டிரெஹரும் வெளியிட்ட அறிக்கையில் ஒரு எளிய கணக்கு உண்டு. டயர் தண்ணீர் மேல் மிதக்கத் தொடங்கும் வேகம், உள்ளே உள்ள காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது, பி.எஸ்.ஐ. கணக்கில் வர்க்கமூலத்தை ஒன்பதால் பெருக்கினால் நாட் கணக்கில் வேகம் கிடைக்கும். பட்டன் வேலை செய்யாத அளவுக்குத் தண்ணீர் ஆழமாக இருந்தால் இது பொருந்தும். 25 பி.எஸ்.ஐ. வைத்தால் மணிக்குச் சுமார் 83 கிலோமீட்டரில் டயர் மிதக்கும். 36 வைத்தால் 100 வரை தாங்கும். எஸ்டீம் நேர்ப்பாதையின் முடிவில் இரண்டையும் எளிதாகத் தாண்டும் என்பதால்தான் பட்டன் தேவை; பட்டனின் வேலை, அந்த ஆழத்தைத் தனக்கடியில் இல்லாமல் செய்வது. காற்றைக் கூட்டுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. வெயிலில் டயர் சூடாகி அழுத்தம் தானே ஏறிக்கொள்ளும். மழையில் ஏறாது. ஏறாததை முதலிலேயே அடித்து வைக்க வேண்டும்.

தூறல் தொடங்கியபோது நாலைந்து டீம் ஆட்கள் ஒரே தார்ப்பாய்க்குள் ஒதுங்கினார்கள். அப்படி ஒதுங்கினால் பேச்சு ஃபார்முலா ஒன்னுக்குப் போவதைத் தவிர்க்க முடியாது. மழையில் நடந்த டோனிங்டன் 1993 பந்தயம் கட்டாயம் வரும். சென்னா முதல் சுற்று முடிவதற்குள் ஐந்தாவது இடத்திலிருந்து முதலிடத்துக்கு ஏறியது எல்லோருக்கும் மனப்பாடம். அண்ணனுக்கு அதே பந்தயத்தில் புரோஸ்டைத்தான் பிடிக்கும். மழை வந்தது, போனது, வந்தது. அன்றைய மிகச்சிறந்த காரில் உட்கார்ந்திருந்த புரோஸ்ட் டயர் மாற்ற ஏழு முறை பிட்டுக்குள் வந்தார். “நம்மகிட்ட அத்தினி ரிம்மு இருந்தா நாமளும் ஏழு வாட்டி தப்பு பண்லாம் தம்பி.”

டயரால் வாழ்ந்து டயரால் கெட்ட டீம் ஒன்று உண்டென்றால் அது ஜோர்டான்தான். அது பிறகு மிட்லேண்ட் ஆனது, ஸ்பைக்கர் ஆனது, 2008-ல் அதே மல்லையா கையில் ஃபோர்ஸ் இந்தியா ஆனது. 2003-ல் பிரேசிலின் இன்டர்லாகோஸ் டிராக்கில் பேய் மழை. அந்த வருஷ விதிப்படி ஒரே வகை மழை டயர்தான் கொண்டுவரலாம். எல்லோரும் கொண்டுவந்தது நடுத்தர மழைக்கான டயர். மூன்றாம் வளைவில் டிராக்கின் குறுக்கே ஓடை. ஷூமாக்கர், மோன்டோயா, ஜென்சன் பட்டன் என்று வரிசையாக அங்கேயே போய்ச் செருகினார்கள். செருகாமல் தப்பிய ஃபிசிகெல்லா ஜோர்டானுக்கு ஜெயித்துக் கொடுத்தார். அவர்தான் ஜெயித்தார் என்று உறுதியாவதற்கே சில நாட்கள் பிடித்தன. 2005-ல் இண்டியானாபோலிஸ். அன்று மழையே இல்லை, ஆனால் கதை முழுக்க டயர். மிஷெலின் டயர் அங்கே சாய்வான வளைவில் தாங்காது என்று தெரிந்ததும், அதைப் பூட்டிய 14 கார்களும் முன்னோட்டச் சுற்றோடு பிட்டுக்குள் போய்விட்டன. பிரிட்ஜ்ஸ்டோன் பூட்டிய ஆறு கார்கள் மட்டும் பந்தயம் ஓட்டின. அந்த ஆறில் இரண்டு ஜோர்டான். ஒன்றை ஓட்டியவர் நம் கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன். நாலாவது இடம், ஐந்து புள்ளி. ஃபார்முலா ஒன்னில் ஓர் இந்தியர் புள்ளி எடுத்தது அன்றைக்குத்தான். அவர் பூட்டிய டயரை அவர் தேர்ந்தெடுக்கவில்லை என்று முணுமுணுப்பவர்கள் உண்டு. தார்ப்பாய்க்குள் நின்றவர்களில் ஒருவர் முணுமுணுத்தார். கோயம்புத்தூர் டீம் ஆள் ஒருவர் முறைத்தார்.

எல்லோருக்கும் பிடித்தது 2007 நூர்பர்க்ரிங்தான். அதே டீம், அப்போது ஸ்பைக்கர். மார்க்கஸ் விங்கெல்ஹாக் என்ற ஜெர்மானியருக்கு அது முதல் பந்தயம். கிரிட்டில் கடைசி இடம். முன்னோட்டச் சுற்று முடிந்ததும் மழை வரப்போகிறது என்று நம்பி அவரை மட்டும் உள்ளே கூப்பிட்டு மழை டயர் மாட்டி, பிட்டிலிருந்தே கிளப்பினார்கள். முதல் சுற்றிலேயே வானம் பிளந்தது. மற்றவர்கள் காய்ந்த தாருக்கான டயரில் தத்தளித்து பிட்டுக்குள் நுழைய, இவர் இரண்டாம் சுற்றில் முதலிடம். அரை நிமிடத்துக்கு மேல் முன்னிலை. பந்தயத்தை நிறுத்தி மறுபடி தொடங்கியபோது முதல் ஆளாக நின்றார். பிறகு வேகமாகப் பின்தங்கி, கார் பழுதாகி வெளியேறினார். ஃபார்முலா ஒன்னில் அவர் அதற்கு முன்னும் பந்தயம் ஓட்டவில்லை, பின்னும் ஓட்டவில்லை. இழக்க ஒன்றுமில்லாதவன்தான் முதலில் டயர் மாற்றுவான் என்பதை அந்தக் கூட்டத்தில் விளக்கத் தேவையே இல்லை. ஆனால் இருங்காட்டுக்கோட்டைக் குட்டிப் பந்தயத்தில் பாதியில் மாற்றுகிற பேச்சுக்கே இடமில்லை. பத்துச் சுற்று, இருபது நிமிடச் சொச்சம். பிட்டுக்குள் வந்து, ஜாக்கி போட்டு, நட்டு கழற்றி மாட்டுவதற்குள் கொடி விழுந்துவிடும். கிளம்பும்போது பூட்டியதுதான் கடைசிவரை.

தூறல் மழையானது. ‘வெட் ரேஸ்’ பலகை காட்டினார்கள். ஸ்லிக்கைக் கழற்றுவது முடிவாகிவிட்டது. மிச்சம் ஒரே கேள்வி: இரண்டு நல்ல வெட்டும் இரண்டு வெட்டிய ஸ்லிக்கும் இருக்கின்றன, நல்லது முன்னாலா, பின்னாலா?

யாரைக் கேட்டாலும் முன்னால் என்பார்கள். எஸ்டீமில் இழுப்பது, திருப்புவது, பிரேக்கில் பெரும்பங்கு எல்லாமே முன்சக்கரம். பின்சக்கரம் சும்மா கூட வருகிற விருந்தாளி. அம்பத்தூர்க்காரரும் அதைத்தான் சொன்னார். அண்ணன் கேட்டுக்கொண்டே ஜாக்கியைப் பின்பக்கம் தள்ளிக்கொண்டு போனார்.

“பின்னாடி போடறேன் தம்பி.”

“அண்ணே, முன்னாடி திரும்பாதே வண்டி.”

“திரும்பலைன்னா ஆக்சிலேட்டர வுடு. திரும்பிக்கும். பின்னாடி வழுக்கிச்சுன்னா என்னா பண்ணுவ? நீயும் நானும் சொவத்தாண்ட போய் பேசிக்கலாம்.”

அதில் பௌதிகம் முழுக்க இருக்கிறது. முன்சக்கரம் பிடி விட்டால் கார் நேராகப் போகும். ஆக்சிலேட்டரை விட்டால் எடை முன்னால் சாய்ந்து மறுபடி பிடிக்கும். பின்சக்கரம் பிடி விட்டால் கார் சுழலும். அந்த நேரத்தில் பயந்து காலை எடுத்தால் பின்பக்கம் இன்னும் இலேசாகி இன்னும் வேகமாகச் சுழலும். புது டயர் இரண்டு மட்டும் வாங்கினால் பின்னால் போடுங்கள் என்று டயர் கம்பெனிகள் குடும்பக் காருக்குச் சொல்வதும் இதனால்தான். அந்த அறிவுரையை ஊரில் பெரும்பாலானவர்கள் கேட்பதில்லை. பேடாக்கிலும் அன்று இரண்டு பேர் கேட்கவில்லை.

நல்ல வெட் பின்னால், வெட்டிய ஸ்லிக் முன்னால். பிரேக்கின் பங்கைக் கொஞ்சம் பின்னால் தள்ளினார்கள், ஈரத்தில் கார் முன்னால் அவ்வளவு சாயாது என்பதால். வளைவில் கார் சாயாமல் பிடிக்கும் ஆன்ட்டி-ரோல் பாரை ஒரு பக்கம் கழற்றிவிட்டார்கள். கண்ணாடி உள்பக்கம் மூச்சுக்காற்றில் பனிக்கும். ஹீட்டரோ எடையைக் குறைக்க என்றைக்கோ பிடுங்கப்பட்டிருந்தது. அண்ணன் ஒரு துண்டுப் புகையிலையைக் கசக்கிக் கண்ணாடியில் வெளிப்பக்கம் தேய்த்தார், லாரி டிரைவர்கள் வைப்பர் ஓடாத ராத்திரிகளில் செய்வதுபோல. உள்பக்கத்துக்கு ஷாம்பு. கார் முழுக்கப் பாக்கு மண்டி மாதிரி மணந்தது.

கல்லூரி மாணவனின் கார் பக்கத்திலேயே நாலு ஜாக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது. புது வெட்டா, பழைய வெட்டா என்று அவர்கள் இன்னும் பேசிக்கொண்டிருந்தார்கள். ஐந்து நிமிடப் பலகை வரும்போதுதான் பழைய வெட்டை மாட்டினார்கள். அதற்குள் கிழக்கே வெளுத்திருந்ததை அவர்கள் பார்த்துவிட்டார்கள்.

முதல் சுற்றில் தெரிவதெல்லாம் தண்ணீர்த் தூள். முன்னால் போகும் கார் தெரியாது. அதன் சிவப்பு விளக்கு தெரியும், அதுவும் சில நேரம். முதல் வளைவுக்கு வழக்கமாகப் போகும் கோட்டில் யாரும் போகவில்லை. காய்ந்த நாட்களில் ரப்பரும் ஆயிலும் படிந்து வழுவழுவென்று ஆன அந்தக் கோடு மழையில் சோப்பு. வெளிப்பக்கம் தார் சொரசொரப்பாக இருக்கும். நீளமாகச் சுற்றிப் போனாலும் பிடிக்கும். அம்பத்தூர்க்காரர் வெளியே போனார். ஸ்டியரிங்கைத் திருப்பினால் கார் யோசித்துவிட்டுத்தான் திரும்பியது. ஒவ்வொரு வளைவிலும் மூக்கு வெளியே ஓடும், காலை எடுப்பார், உள்ளே வரும். சலிப்பான ஓட்டம். ஆனால் பின்பக்கம் ஆணியடித்தது மாதிரி நின்றது.

நல்ல டயரை முன்னால் போட்ட இருவரும் அவருக்கு முன்னால்தான் போய்க்கொண்டிருந்தார்கள். அழகாகத் திரும்பினார்கள். இரண்டாம் சுற்றில் ஒருவர் பிரேக் பிடித்தபடி வளைவுக்குள் நுழைந்தார். பின்பக்கம் முன்பக்கத்தை முந்தப் பார்த்தது. சுழன்று புல்லில் போய் எதிர்த்திசை பார்த்து நின்றார். அடுத்தவர் இன்னும் இரண்டு சுற்று தாக்குப்பிடித்து, பெயின்ட் அடித்த ஓரக்கல் மேல் பின்சக்கரம் ஏறிய கணத்தில் போனார். தைரியமாக ஸ்லிக்கிலேயே கிளம்பிய மூன்று பேர் நடைபோட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஐந்தாம் சுற்றில் மழை நின்றது. அங்கிருந்து கார் வேறு காரானது. பாதையில் ஒரு கோடு மெல்ல வெளுக்க, முன்னாலிருந்த வெட்டிய ஸ்லிக் சூடாகிப் பிடிக்கத் தொடங்கியது. மூக்கு கேட்ட இடத்துக்கு வந்தது. பின்னாலிருந்த வெட் இப்போது எதிர்மாறாக வெந்து ஆடியது. கார் வாலை ஆட்டிக்கொண்டே வளைவை முடித்தது. நேர்ப்பாதையில் அவர் காய்ந்த கோட்டை விட்டு ஓரத்து ஈரத்துக்குப் போய் டயரை நனைத்துக் குளிரவைத்தார். வளைவு வந்ததும் திரும்பக் கோட்டுக்கு வந்தார். நாலு வெட்டும் போட்டவர்கள் ஒவ்வொருவராக அவர் பக்கம் பின்னோக்கி வந்தார்கள். குதிரைத்திறனில் அவரைவிடப் பெரிய வண்டிகள். மழை அவற்றின் எஞ்சினை முதலில் பறித்தது, பிறகு வெயில் டயரைப் பறித்தது.

எட்டாம் சுற்றில் ஆறாவது இடம். கடைசிச் சுற்றில், பாதி தூரம் நடந்துகொண்டிருந்த ஸ்லிக்காரர்களில் ஒருவர், இப்போது காய்ந்துவிட்ட கோட்டில், வேறு ஏதோ பந்தயத்திலிருந்து தப்பி வந்தவர் மாதிரி பின்னாலிருந்து பாய்ந்து தாண்டிப் போனார். அம்பத்தூர்க்காரர் ஏழாவது. இன்னும் இரண்டு சுற்று இருந்திருந்தால் அந்த ஸ்லிக்காரர் ஜெயித்திருப்பார் என்று அன்று சாயங்காலம் எல்லோரும் சொன்னார்கள், ஸ்லிக்காரர் எல்லோரையும்விடச் சத்தமாக. ஜெயித்தது கல்லூரி மாணவன். தேய்ந்த பழைய வெட்டில் பட்டன் உயரம் குறைவு. அதனால் காய்ந்தபோது ஆட்டமும் குறைவு. புது வெட்டோடு கிளம்பியிருந்தால் அவனும் கடைசியில் பின்னோக்கி வந்திருப்பான்.

ஞாயிற்றுக்கிழமை வெயில் அடித்தது. அந்தப் பந்தயத்தில் சொல்ல ஒன்றுமில்லை. ஸ்லிக், வரிசையாக ஓட்டம், எந்த எஞ்சின் பெரிதோ அது முன்னால். அம்பத்தூர்க்காரர் கிளம்பிய இடத்துக்குப் பக்கத்திலேயே முடித்தார்.

கொடி விழுந்த பிறகு பேடாக்கில் நடப்பதுதான் எட்டு ரிம்காரர்களுக்கு முக்கியம். பெரிய டீம்கள் கூடாரத்தைப் பிரிக்கும்போது தங்களுக்கு இனி உதவாத டயர்களை வாசலில் சாய்த்து வைப்பார்கள். விலை பேசித்தான் வாங்க வேண்டும். அண்ணன் போனார். மாணவன் தொடவே தொடாத புது வெட்டைப் பார்க்கக்கூட இல்லை, அது விலைக்கு இல்லை. பந்தயம் ஜெயித்த பழைய வெட்டின் முன் குந்தினார். சைடுவாலில் தேதி எண்ணைப் படித்தார். வாரமும் வருஷமும் அதில் நாலு இலக்கத்தில் இருக்கும். கட்டை விரல் நகத்தை ஒரு பட்டன் மேல் அழுத்தி எடுத்தார். நகத்தடம் மெல்ல நிமிர்ந்து மறைந்தால் ரப்பரில் இன்னும் உயிர் இருக்கிறது. தடமே விழாவிட்டால் அது கல். நாலு டயரிலும் மூன்று மூன்று இடத்தில் அழுத்தினார். ஒன்றைப் புரட்டிப் போட்டு உள்பக்க ஓரத்தைத் தடவினார்.

“முன்னாடி ரெண்டும் வெந்து போச்சே சார்.”

டீம் மேனேஜர், ஜெயித்த டயர் என்றார்.

“ஜெயிச்சது உங்க பையன் சார். டயரு சும்மா கூட வந்துச்சு.”

மேனேஜர் சிரித்துவிட்டார். சிரித்த பிறகு முழு விலை கேட்க முடியாது. பின்னால் ஓடிய இரண்டை எடுத்துக்கொண்டு, முன்னால் ஓடியதில் சுமாரான ஒன்றைக் கொசுறாகக் கேட்டார். கொசுறுக்கு அவர் மசியவில்லை. பாதி விலையில் முடிந்தது. மூன்று வெட்டையும் 407-ல் ஏற்றும்போது அம்பத்தூர்க்காரர் தன்னிடம் மிச்சமிருக்கும் இரண்டையும் சேர்த்து ஐந்து என்று கணக்குப் போட்டார். ரிம் இன்னும் எட்டுதான். லேத்தில் வேலை இருக்கும் ஒரு அலாய் வீல் வியாபாரியின் பெயரை அண்ணன் ஞாபகப்படுத்தினார். அவர் தர வேண்டிய பாக்கியைப் பணமாக வாங்க வேண்டாம் என்றார்.